மஞ்சள் குளித்த பாக்டீரியா

ஏழு மாதமாக நான் வளர்த்தவை நாறின. அதை நான் மறுக்கவில்லை. திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியின் இரண்டாம் மாடி. அங்கே பத்து பிளாஸ்டிக் வாளிகள். ஒவ்வொன்றிலும் கொள்ளிடக் கரைச் சேறு, வாழை மண்டியில் கழித்துப்போட்ட மட்டையை அரைத்த கூழ், நடுவில் கார்பன் இழையில் நெய்த ஒரு கரித்துணி. சேற்றிலுள்ள பாக்டீரியா கரித்துணியில் கறுப்பாகப் படர்ந்து, கூழைத் தின்று, மின்சாரம் கொடுக்கும். பத்து வாளியும் சேர்ந்தால் ஒரு குட்டி விளக்கு எரியும். பொன்மலை ரயில் பட்டறைக்குப் போதுமா என்று கேட்காதீர்கள். அதையும் கேட்டுவிட்டார்கள்.

முப்பது நாள் விடாமல் வோல்ட் பதிவாக வேண்டும். அது இருந்தால்தான் என் ஆய்வேடு முடியும். இரண்டு முறை கெடு நீட்டியாகிவிட்டது. இந்த மாதக் கடைசியைத் தாண்டினால் என் ஆய்வு மாணவர் பதிவு ரத்து. ஐந்து வருடப் படிப்பும் அதோடு சரி. இருபத்தாறு நாள் ஒழுங்காகப் போயிற்று. மிச்ச நாலு நாளையும் மீட்டர் தானே பதிந்துகொள்ளும் என்று நம்பி, ஆயுத பூஜை விடுமுறைக்குச் சொந்த ஊரான உப்பிலியபுரம் போனேன். அந்த அறிவுக்கு ஒரு பட்டம் தரலாம்.

திங்கட்கிழமை திரும்பி வந்தால், ஆய்வகம் கமகம என்று மணத்தது. வாளிகளிடம் ஓடினேன்.

பத்து வாளிகளும் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். மேசையின் இருபுறமும் வாழைக்கன்று. ஏழு மாதம் வாழையைத் தின்றவற்றுக்கு வாழையிலேயே தோரணம்! எங்கள் ஆய்வக உதவியாளர் சக்ரபாணி, ஸ்ரீரங்கத்துக்காரர், நெற்றியில் திருமண் காய்வதற்குள் வேலைக்கு வந்துவிடுபவர், பெருமையோடு நின்றிருந்தார்.

"நன்னா அலம்பிட்டேம்மா. உள்ளே ஒரே நாத்தம். துணியில கறுப்பா என்னமோ ஒட்டிண்டிருந்தது. ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, மஞ்சத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். ஒயரையும் கழட்டிட்டேன். பூஜை அன்னிக்கு மெஷினுக்கு ஓய்வு குடுக்கணுமோல்லியோ?"

லேத்துக்கு ஓய்வு கொடுக்கலாம், கம்ப்யூட்டருக்கும் கொடுக்கலாம். மூச்சு விடும் பிராணிக்கு எப்படி ஓய்வு கொடுப்பது? கத்தினேன். அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் என் வழிகாட்டி ஜகன்னாத் வந்தார். பதினோரு மணிக்கு வெளியூர் விருந்தினர் ஒருவர் பார்வையிட வருகிறாராம்.

"அழாதேம்மா. மேசைக்குக் கீழ ஒரு பேட்டரி வை. மேல துணி போடு. விளக்கு எரிஞ்சாப் போதும்," என்றார். பேராசிரியர் இல்லையா, தீர்வு உடனே வந்துவிடுகிறது.

விளக்கு எரிந்தது. என் வாளிகள் ஒருநாளும் காட்டாத வெளிச்சம். விருந்தினர் குனிந்து முகர்ந்தார். "கொஞ்சம்கூட வாடையே இல்லையே! பிரமாதம்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "ஐயா, வாடை இல்லாததுதான் தப்பு. எல்லாம் செத்துப்போச்சுங்க. ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி மஞ்சத்தண்ணி ஊத்திட்டாங்க. மேசைக்குக் கீழ பேட்டரி இருக்கு," என்றேன்.

விருந்தினர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் ஜகன்னாத் சிரித்தார். ஜகன்னாத் சிரித்ததால் துறையே சிரித்தது. "விஞ்ஞானிக்கு நகைச்சுவையும் வருதே!" என்று என் தோளில் சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். உண்மையைச் சொல்லி இவ்வளவு கைதட்டல் வாங்கியவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எல்லோரும் டிபனுக்குப் போனதும் ஜகன்னாத் குரலைத் தாழ்த்தினார். "நாலு நாள்தானே? முன்னாடி வந்த மாதிரியே நோட்டுல எழுதிடு. யாரு வந்து பாக்கப்போறா? நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

பேனாவை எடுத்தேன். எழுதினால் டாக்டர் பட்டம். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருபத்தேழாம் நாள், பூஜ்யம். இருபத்தெட்டு, பூஜ்யம். இருபத்தொன்பது, பூஜ்யம். முப்பது, பூஜ்யம். காரணம் என்ற கட்டத்தில் "கழுவப்பட்டன" என்று எழுதி நோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடாமலே டிபனுக்குப் போனார்.

சக்ரபாணி மட்டும் அங்கேயே நின்றார். சிரிக்காதவர் அவர் ஒருவர்தான்.

"நீ விளையாட்டுக்குச் சொல்லலையே? நெஜமாவே உசிரா அது?"

"உசிருதான் சார்."

"எத்தனை இருக்கும்?"

"கோடிக்கணக்குல."

எறும்பு ஊர்ந்தால் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மனிதர். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து அவரைத் திட்டவென்று சேர்த்து வைத்திருந்த அத்தனையும் எனக்கு மறந்துபோயிற்று.

"இதுக்கு என்னம்மா பிராயச்சித்தம்?"

"என் பதிவு போனது போனதுதான் சார். பட்டம் இல்லேன்னாலும் கொள்ளிடத்துல சேறு எடுத்து மறுபடியும் முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கணும்."

மாலை நான்கு மணிக்குக் கொள்ளிடக் கரையில் சக்ரபாணி பஞ்சகச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றில் இறங்கினார். ஒரு வாளி அள்ளினார், முகர்ந்தார், முகம் சுளித்தார். பிறகு குழந்தையைத் தருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் நீட்டினார்.

"நன்னா நாறறதும்மா," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பொழைச்சுண்டிருக்கா."