ஷாலினி மாற்றிய வரி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வெளிநாட்டுத் துணிக்கடை ஒன்றின் வாடிக்கையாளர்கள் அனுப்பும் மெயில்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவதுதான் அங்கே வேலை. அம்சவள்ளியும் ஷாலினியும் ஒரே கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள், ஒன்றாகவே வேலைக்கும் சேர்ந்தவர்கள். கல்லூரியில் அம்சவள்ளிதான் முதல் மதிப்பெண். இங்கே அது எடுபடவில்லை.

ஒரு வாடிக்கையாளரின் முகவரியைச் சரிபார்க்க அம்சவள்ளி "ஐ ஹேவ் எ டவுட்" என்று எழுதியபோது, "என்மீது சந்தேகமா?" என்று சூடாகப் பதில் வந்தது. ஷாலினி அதையே "கேன் ஐ செக் யுவர் அட்ரஸ்?" என்று கேட்டு முடித்துவிடுவாள். மேற்பார்வையாளர் சிவசங்கர் அவளுடைய வாக்கியங்களை எல்லோருக்கும் படித்துக் காட்டுவார். அப்போதெல்லாம் அம்சவள்ளி தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி வேறு பக்கம் பார்ப்பாள். கச்சிராயபாளையம் பஸ்ஸில் நின்றபடி வீடு திரும்பும்போது, எனக்குத் தெரியாத இலக்கணமா இவளுக்குத் தெரியும் என்று மனதுக்குள் பொருமுவாள்.

ஒருநாள் அம்சவள்ளிக்கு ஒரு மெயில் வந்தது. அம்மாவின் பிறந்தநாளுக்காக ஸ்வெட்டர் வாங்கிய ஒரு பெண், அம்மா இறந்துவிட்டதாகவும், அதைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தாள். அம்சவள்ளி, "வீ ரிக்ரெட் தி இன்கன்வீனியன்ஸ்" என்று தொடங்கினாள்.

பக்கத்து நாற்காலியிலிருந்த ஷாலினி எட்டிப் பார்த்துப் பதறினாள்.

"அம்சா, இன்னாடி இது? பார்சல் லேட்டானா எழுதுற வரிடி அது. அவங்கம்மா செத்துப்போயிருக்காங்க."

"கிராமர் சரியாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும். அந்தப் பொண்ணு எதிர்ல நின்னா இப்டியா பேசுவ?"

ஷாலினி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, "ஐ ஆம் ஸோ சாரி அபௌட் யுவர் மம்" என்று அடித்தாள். அவசரமில்லை, முடிந்தபோது அனுப்புங்கள் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். அம்சவள்ளி அதை அப்படியே அனுப்பினாள்.

மறுநாள் அந்தப் பெண் நெகிழ்ந்துபோய் நன்றி எழுதியிருந்தாள். சிவசங்கர் எல்லோரையும் கூப்பிட்டார்.

"அம்சவள்ளி, பின்னிட்டீங்க. இதத்தான் இவ்ளோ நாளா சொல்லிக்கினு இருந்தேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஷாலினியும் சிரித்துக்கொண்டே தட்டினாள். அந்தச் சிரிப்புதான் அம்சவள்ளியைச் சுட்டது. தனக்கு வர வேண்டிய பாராட்டைப் போனால் போகட்டும் என்று தூக்கிக் கொடுக்கும் அளவுக்கு இவளிடம் திறமை இருக்கிறதா?

"சார், அத நான் எழுதல. ஷாலினி எழுதுனது."

கேட்டவர்களுக்கு அது நேர்மையாகப் பட்டது. அவளுக்குள் இருந்தது எரிச்சல் மட்டும்தான்.

டீ குடிக்கும்போது ஷாலினி கேட்டாள். "ஏன்டி சொன்ன? உன் பேர்லயே இருந்துட்டுப் போவட்டுமே."

"உன்னுது எனக்கெதுக்கு?"

ஷாலினியின் முகம் சுருங்கியது. அன்று இருவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

கொஞ்ச நாளில் ஷாலினி டீம் லீடர் ஆனாள். அம்சவள்ளி எழுதுவதெல்லாம் அவள் பார்த்த பிறகுதான் போக வேண்டும். எழுதியதெல்லாம் திருத்தத்தோடு திரும்பி வந்தது. "கைண்ட்லி" எங்கே இருந்தாலும் வெட்டு. ஆத்திரத்தோடு படித்தாள். சில திருத்தங்கள் பிடித்துப் போயின, அதனால் இன்னும் எரிந்தது.

பிறகொரு மத்தியானம், அளவு சேராத சட்டைக்காக வருந்தி எழுதிய ஒருவருக்கு அவள் போட்ட பதில் ஒரு எழுத்துகூட மாறாமல் போனது.

"சூப்பர்டி அம்சா!" என்றாள் ஷாலினி, தன் இடத்திலிருந்தே.

அம்சவள்ளிக்கு உள்ளம் குளிர்ந்தது. இதை இவள் வாயால்தானா கேட்க வேண்டும் என்று அடுத்த நொடியே தோன்றியது. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த மெயிலைத் திறந்தாள்.