ஒன்றரைச் செக்கன்

நான்கு சமூகங்களின் ஒற்றுமையை மேடையில் காட்டுவதற்காக மாத்தளை நல்லெண்ணக் கலாமன்றம் முதலில் நான்கு வாத்தியக்காரர்களைத்தான் அழைத்தது. நடுவில் யார் உட்காருவது என்ற கேள்வியில் நால்வரும் நான்கு பக்கம் போனார்கள். மன்றத் தலைவர் மகேந்திரராஜா இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: ஒற்றுமைக்கு ஒரே ஆள் போதும்.

அந்த ஆள் மைக்கல். இரத்தோட்டையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். துபாயிலிருந்து வந்த நண்பன் ஒருவன் விட்டுப்போன பெட்டியொன்று அவனிடம் இருந்தது. கிட்டாரை அதில் மாட்டி, காலடியில் உள்ள பெடலை மிதித்தால் கிட்டாரிலிருந்து வயலின் கேட்கும். இன்னொன்றை மிதித்தால் புல்லாங்குழல். தலைவர் தாமே இயற்றிய ஐக்கிய கீதத்தில் தமிழ்ச் சரணத்துக்கு வயலின், சிங்களச் சரணத்துக்குப் புல்லாங்குழல், முஸ்லிம் சரணத்துக்கு அராபிய வாத்தியம், கிறிஸ்தவ சரணத்துக்குத் தேவாலய ஓர்கன் என்று பிரித்துக் கொடுத்திருந்தார்.

"எங்களுக்கு மட்டும் பாலைவனத்துச் சத்தமா மச்சான்?" என்றான் ஒலிபெருக்கி பார்க்கும் நுஹ்மான். "நான் ஒட்டகத்தையே படத்துலதான் பாத்திருக்கேன்."

அது 2003. இலங்கையில் போர்நிறுத்தம் வந்து இரண்டாவது வருடம். கூட்டம் போட எல்லோருக்கும் துணிவு வந்திருந்தது. பேசுவதற்குத்தான் இன்னும் வரவில்லை.

ஒத்திகையன்று நடனப் பிள்ளைகளின் உடுப்புகளோடு டொறீன் மண்டபத்துக்கு வந்தாள். மைக்கலின் அண்ணன் ரபாயேலின் மனைவி. ஆறு வருடங்களுக்கு முன் ரபாயேல் கொழும்பு பஸ்ஸில் ஏறினான். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் சொல்ல யாருமில்லை. உடல் கிடைக்காததால் அடக்கமில்லை. அடக்கமில்லாததால் அவன் பெயரைச் சொல்லி ஊர் ஒரு தடவையாவது எழுந்து நின்றதில்லை. தேவாலயத்தில் செத்தவர்களுக்கான பூசையில் பெயர் கொடுக்க டொறீனுக்கு மனம் வரவில்லை. உயிரோடிருப்பவர்களுக்கான செபத்தில் கொடுக்க வாய் வரவில்லை.

உடுப்புகளை மேசையில் வைத்துவிட்டு அவள் தலைவரிடம் போனாள்.

"சார், கூட்டம் தொடங்கையில ஒரு நிமிஷம் எழும்பி நிப்போமே, அது எத்தனையாவதா வருது?"

அவள் கேட்டதில் தவறில்லை. அந்த வருடங்களில் மௌன அஞ்சலி இல்லாமல் மாத்தளையில் பரிசளிப்பு விழாகூடத் தொடங்கியதில்லை. ஸ்பீக்கர் அடங்கினாலே சனம் தன்பாட்டில் எழுந்து கையைக் கட்டிக்கொள்ளும்.

"அதை இந்தமுறை எடுத்துப்போட்டம், பிள்ளை."

"ஏன் சார்?"

"ஆருக்கு எண்டு கேள்வி வரும். ஆமிக்காரருக்கு எண்டால் எங்கட ஆக்கள் நெளிவினம். பொதுமக்களுக்கு எண்டால் எந்தப் பொதுமக்கள் எண்டு மற்ற ஆக்கள் கேப்பினம். கமிட்டி மூண்டுதரம் கூடிப் பாத்தது. ஒண்டும் சரிவரேல்லை."

"பேரெல்லாம் சொல்ல வேணாம் சார். சும்மா நின்னா போதும்."

"சும்மா நிக்கிறதுதான் பிள்ளை பெரிய கரைச்சல்."

டொறீன் தலையாட்டிவிட்டு, பிள்ளைகளின் பாவாடைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தாள். மேடையில் இருந்த மைக்கல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒத்திகை தொடங்கியது. தமிழ்ச் சரணம் முடிந்து மைக்கல் பெடலை மிதித்ததும் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு புல்லாங்குழல் வந்தது. தலைவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, உதென்ன ஓட்டை?"

"அது பெட்டியோட கொணம் சார். மிதிச்சா பழைய சத்தம் ஒடனே செத்துப்போகும். புதுசு எழும்பி வர ஒன்றரைச் செக்கன் எடுக்கும்."

"தமிழ் முடிஞ்சு சிங்களம் தொடங்க முதல் ஒரு ஓட்டை! பிரதம விருந்தினர் அதுக்குள்ள என்னத்தையெல்லாம் நினைப்பாரோ!"

"ஒன்றரைச் செக்கன்தானே சார்."

"ஒன்றரைச் செக்கனிலை இந்த நாடு பத்தி எரிஞ்சிருக்கு. நீர் அதை அடைச்சுவிடும்."

மைக்கல் நான்கு நாள் கடையைப் பாதி சாத்திவிட்டு அந்த ஓட்டையோடு மல்லுக்கட்டினான். வேறு வேறு வரிசைகளில் இருந்த நான்கு சத்தங்களையும் ஒரே வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். எதிரொலி, மினுக்கு எல்லாவற்றையும் கழற்றிச் சத்தங்களை மெலிய வைத்தான். ஒன்றரை ஒன்றானது. அதற்குக் கீழே பெட்டி இறங்கவில்லை. கடைசியில், கிட்டாரின் சொந்தச் சத்தத்துக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தான். கிட்டாரில் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. பெடலை மிதிக்கும்போது அதைத் தட்டிவிட்டு ஒரு தந்தியை மீட்டினால் வெறும் கிட்டார் ஒலி அந்த ஒரு செக்கனைத் தாங்கிப் பிடிக்கும். புதுச் சத்தம் வந்ததும் சுவிட்சைத் திருப்பிவிடலாம்.

"இப்ப ஒற்றுமை வந்திட்டுது," என்றார் தலைவர்.

சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்தது. குத்துவிளக்கின் ஐந்து திரிகளை ஏற்ற ஒன்பது பிரமுகர்கள் வந்திருந்ததால், ஏற்றியதை அணைத்து மறுபடி ஏற்றினார்கள். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். போர் என்ற சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்காமல் சமாதானத்தைப் பற்றி அவ்வளவு நேரம் பேசுவது சாதாரண வேலையல்ல.

பிறகு கீதம். வயலின் முடிந்தது, சுவிட்ச், தந்தி, புல்லாங்குழல். ஓட்டை இல்லை. புல்லாங்குழல் முடிந்து அராபிய வாத்தியம். அங்கும் இல்லை. முன்வரிசையில் தலைவரின் முகம் மலர்ந்தது.

கடைசி மாற்றத்துக்கு மைக்கல் காலைத் தூக்கினான். முன்வரிசைக்குப் பக்கவாட்டில், மேடையோரக் கதவடியில், கைப்பையை மடியில் வைத்தபடி டொறீன் உட்கார்ந்திருந்தாள். அவன் பெடலை மிதித்தான். சுவிட்சைத் தொடவில்லை.

மண்டபம் அடங்கியது. மிக்சரில் கை வைத்திருந்த நுஹ்மான் திடுக்கிட்டு மேடையைப் பார்த்தான். பெட்டியின் சிறு விளக்கு எரிந்தது, ஓர்கன் ஆயத்தம். மைக்கல் இரண்டு கைகளையும் தந்தியிலிருந்து எடுத்துக் கீழே விட்டான்.

மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு கிழவர் எழுந்தார். அவர் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். வரிசை வரிசையாக நாற்காலிகள் நகர்ந்தன. சனம் எழுந்ததைக் கண்டு பிரதம விருந்தினர் எழுந்தார். விருந்தினர் எழுந்ததைக் கண்டு தலைவர் எழுந்தார். நுஹ்மானும் மிக்சரை விட்டு எழுந்தான். யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. கமிட்டி மூன்று தரம் கூடியும் தீர்க்காத கேள்விக்கு ஒவ்வொருவரும் தலை குனிந்து தமக்குள் ஒரு பெயர் வைத்திருந்தார்.

டொறீன் கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றாள்.

முதலில் உட்கார எவருக்கும் துணிவில்லை. வெளியே கண்டி பஸ்காரன் ஆள் கூப்பிடுவது கேட்டது. அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உட்காரும்வரை மைக்கல் காத்திருந்தான். அதன் பிறகுதான் ஓர்கன் வந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் தலைவர் மேடைக்குப் பின்னால் வந்தார். ஏச்சு விழும் என்று மைக்கல் வயர்களைச் சுருட்டியபடி நின்றான்.

"பெட்டி பழுதாப் போச்சு, என்ன தம்பி?"

"ஆமா சார். பெட்டிதான்."

"ம். அப்பிடித்தான் அறிக்கையிலை எழுதவேணும்." கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, இறங்கிப் போய்விட்டார்.

இரத்தோட்டை பஸ்ஸில் டொறீன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மைக்கல் பக்கத்தில்.

"பெட்டி பழுதாப் போச்சாமே, பொய்க்காரன்," என்றாள் அவள். "அந்த சுவிட்ச நீ தட்டித் தட்டிப் பழகினத நான் பாக்கலையா?"

அவன் மடியிலிருந்த பெட்டியை இறுக்கிப் பிடித்தான். பஸ் ஒரு வளைவு திரும்பியது.

"ஒங்க தலைவரப் பாத்தியா?"

"இல்லண்ணி. நான் ஒங்களதான் பாத்தேன்."

"கால் சப்பாத்தக் கழட்டிட்டு வெறுங்காலோட நின்னாரு. ஒதடு அசைஞ்சிச்சு. ஒரு பேருதான், திரும்பத் திரும்ப." டொறீன் கைப்பையைத் திறந்து பஸ் டிக்கட்டை உள்ளே வைத்தாள். "நாளைக்கு கோயிலுக்கு வருவியா? பூசைக்கு அண்ணன் பேரு குடுக்கணும்."

"எந்தப் பூசைக்கு அண்ணி?"

"ஊரே எழும்பி நின்னாச்சே," என்றாள்.