எலியின் முதுகும் அக்காவின் காதும்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. காலையில் நாளிதழைத் திறந்தால், "திராட்சை விதை தடவுங்கள், தோல் புற்றுநோயை விரட்டுங்கள்" என்று கொட்டை எழுத்தில் ஒரு செய்தி. எலி என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ஆய்வுக்கூடத்தின் சன்னல் வழியே இளவெயில் பொன்னாக உருகி...

சீ! வெயிலை வர்ணிக்கவா உட்கார்ந்தேன்?

2

அவன் ஆய்வாளன். எலிகளின் முதுகை மழித்து, திராட்சை விதைச் சாற்றைத் தடவி, பிறகு புறஊதா விளக்கின் அடியில் விட்டான். தடவாத எலிகளைவிட இவற்றுக்குக் கட்டிகள் குறைவாகவே வந்தன. நல்ல வேலைதான். (கவனியுங்கள்: தடவியது முதலில், ஒளி பிறகு. மனிதரிடம் இன்னும் சோதிக்கவில்லை.)

தொலைக்காட்சிக்காரர்கள் மைக்கை நீட்டியதும் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வீட்டுலயே அரைச்சுத் தடவலாமா சார்?"

"தாராளமா!"

அவன் அக்கா நாள் முழுக்க வெயிலில் கட்டடங்களுக்குக் கூரைத் தகடு அடிப்பவள். காது மடலில் ஆறாத புண். புற்றுநோய்தான், இப்போதே வெட்டினால் மடலின் ஓரத்தோடு போய்விடும் என்றார் மருத்துவர். அவள் போகவில்லை. தம்பி சொன்னதை அரைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

(அவளை ஏமாளியாக்கிவிட்டேனோ? இல்லை. கூடப் பிறந்தவனை நம்பினாள், அவ்வளவுதான்.)

3

புண் தானாக ஆறிவிடுவது ஒரு முடிவு. அந்த நாளிதழுக்குப் பிடிக்கும், எழுதமாட்டேன். அக்கா சாவது இன்னொன்று. அவனுக்குப் புத்தி வர அவள் ஏன் சாக வேண்டும்?

ஆகவே அவனையே அவள் சமையலறைக்கு அனுப்பினேன். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அவள் காதில் பசை காய்ந்து அப்பியிருந்தது.

"வாடா! உன்ன டிவியில பாத்ததுலேருந்து வேலையில எல்லாரும் இதான் தடவுறாங்க."

"அக்கா, நிறுத்து. அது வராம இருக்கத் தடவுறது. அதுவும் எலிக்குத்தான் பாத்தோம். உனக்கு வந்துடுச்சு. கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் மிக்சியை அணைத்தாள்.

"இத ஏன்டா அன்னைக்கே டிவியில சொல்லல?"

அவன் பதிலைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். "நான் சொன்னத டிவிக்காரங்க வெட்டிட்டாங்கக்கா." பச்சைப் பொய். "நீ தடவுவேன்னு நான் நினைக்கவே..." அடித்துவிட்டேன். என்ன எழுதினாலும் பேனா அவனைக் காப்பாற்றவே ஓடுகிறது. பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "பதில் சொல்லு. அப்புறம் வரேன்."

என்னால் முடியவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், புண் காத்திருக்காது.

"அக்கா,