இழைக்கு ஒரு மாற்று ஆள்

எங்கள் காம்பவுண்டில் ஏழு வீடு. யார் வீட்டிலும் எனக்குத் தெரியாமல் குழம்பு கொதித்ததில்லை. ஆனால் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த மூன்றாம் வீட்டு ஜெயபாண்டி என்ன செய்கிறான் என்று புரிய எனக்கே ஒரு வருஷம் ஆயிற்று.

பகலில் பனியன் கம்பெனியில் செக்கிங். அது புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொள்வான். அவன் பெண்டாட்டி சித்ராதேவியைக் குடைந்ததில் விஷயம் வந்தது. இன்டர்நெட் பக்கங்களில் எழுத்து என்ன நிறம், படம் எந்த ஓரத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லுகிற ஒரு ஃபைலை எழுதியிருக்கிறான். பேர் ‘இழை’. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். சும்மா.

“சும்மாவா? இந்த ஊர்ல வேஸ்ட் துணியக்கூட எடை போட்டுத்தான கண்ணு குடுக்கறாங்க?”

“நானும் அதத்தான்க்கா கேக்கேன்.”

எங்கெங்கோ இருந்து வெள்ளைக்காரர்கள் குறை எழுதுவார்கள், இன்ன பிரவுசரில் மூன்றாவது பத்தி கீழே விழுகிறது என்று. துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையரிடமிருந்து கம்ப்ளெய்ன்ட் வந்த மாதிரி பதறுவான். துணியில் ஓட்டை இருக்கிற இடத்தைக் காட்ட செக்கிங்கில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்களே, அதைக் கொண்டுவந்து மானிட்டரில் கோணல் தெரிகிற இடத்தில் ஒட்டுவான். சரிசெய்த பிறகுதான் உரிப்பான். ஒருநாள் தயிர் உறை கேட்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். திரைக்கு அம்மை போட்டிருந்தது.

2008 ஆடியில் அவனுக்கு நெஞ்சுவலி. கோயமுத்தூரில் பார்த்துவிட்டு அடைப்பு, ஆபரேஷன் என்று தேதி கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு மாசம் எந்த வேலையும் தொடக் கூடாது. கம்பெனியில் தன் டேபிளுக்கு அந்த இரண்டு மாசத்துக்கு ஆள் பேசி வைத்துவிட்டான். நம்ம ஊர் வழக்கம்தான். மாற்று ஆள் கொடுக்காமல் லீவு போட்டால் லைனே நின்றுபோகும், மொத்தப் பேரும் திட்டுவார்கள். அந்த வழக்கத்தை இவன் இழைக்கும் கொண்டுவந்தான்.

“இதுக்கும் ஒரு ஆள உட்கார வச்சிட்டுத்தாம்க்கா போவேன். நாலாயிரம் பேரோட பக்கம் இதுல நிக்கி.”

“சம்பளமில்லாத சீட்டுக்கு எவன் தம்பி வருவான்?” என்று சிரித்தேன்.

சிரித்திருக்க வேண்டாம்.

இழையின் பக்கத்தில் ஆள் கேட்டு எழுதிப் போட்டான். அருமையான வேலை, யாராவது அவசியம் எடுத்து நடத்த வேண்டும் என்று பதினெட்டுப் பேர் பதில் எழுதினார்கள். அந்த யாராவது மட்டும் வரவில்லை. ஆபரேஷனுக்கு முதலில் கொடுத்த தேதி தள்ளிப்போயிற்று.

இரண்டாவதாகக் கொடுத்த தேதிக்கு சித்ராதேவி பையெல்லாம் கட்டி, என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள். வாசலில் ஆட்டோ நிற்கிறது. அன்று காலை பார்த்து ஒருத்தன், நான் பார்த்துக்கொள்கிறேன், ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று எழுதியிருந்தான்.

“ஒரே வாரம்க்கா,” என்றான் ஜெயபாண்டி. சித்ராதேவி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை அதட்டியிருக்கலாம். ஆட்டோக்காரரைத் திருப்பி அனுப்பினது நான்தான்.

அந்த ஆள் அப்புறம் எழுதவேயில்லை. மூன்றாவதாக வாங்கிய தேதிக்கு நாலு நாள் இருக்கையில், சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் டேபிள்மேல் தலை சாய்த்தவன் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் சித்ராதேவி என்னைக் கூட்டிக்கொண்டு ஷாபாஸின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். ஜெயபாண்டி ஃபைலை ஏற்றுவது அங்கேதான்.

“தம்பி, அவுக இல்லாம எல்லாரு பக்கமும் நின்னுபோச்சா? திட்டுதாகளா?”

ஷாபாஸ் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். ஒரு பள்ளிக்கூடம், ஒரு கேக் கடை, எங்கேயோ பனி பெய்கிற ஊரில் ஒரு லைப்ரரி. எல்லாம் நேராக நின்றன.

“அது நிக்காதுங்கக்கா. அவங்கவங்க காப்பி எடுத்து வெச்சிருக்காங்க. கோணுச்சுன்னா அவங்களே பிரிச்சுச் சரிபண்ணிக்கலாம். அண்ணன் அதுக்குத்தானுங்களே தொறந்து குடுத்தாரு?”

“இது அவுகளுக்குத் தெரியாதா?”

ஷாபாஸ் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதானுங்கக்கா.”

அவளோடு திரும்பி வந்தேன். வீட்டில் மானிட்டர் அணைந்து கிடந்தது. கறுப்புக் கண்ணாடியில் நாலு சிவப்பு அம்பு மிச்சம். பார்க்கச் சகிக்காமல் நகத்தால் ஒன்றைக் கிளப்பப் போனேன்.

“விடுங்கக்கா,” என்றாள் சித்ராதேவி. “சரிசெய்யாம உரிக்கக் கூடாதும்பாக.”