ஆறடிக்கு நாலடி: பனி, அல்லது மணல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் அக்காவின் சண்டையிலிருந்து திருடியது. அனுமதி கேட்டேன். "எழுதிக்கோ, ஆனா என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுது" என்றாள். சரி, அக்கா ஒல்லி.

சண்டை ஒரு விரிப்பைப் பற்றியது. விரல் உயரப் பொம்மைப் படைவீரர்களை மேசையில் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி எதிராளியை வீழ்த்தும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் ஆடுவதுதான். ஓர் ஆட்டம் நாலு மணி நேரம் போகும். சிரிக்காதீர்கள், நானும் இப்படிச் சிரித்துத்தான் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த மேசைமேல் போர்க்களமாக விரிக்கிற ஆறடிக்கு நாலடித் துண்டு ஒன்றைத்தான் இந்தக் கதையில் வாங்கப்போகிறோம்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"அந்தக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது அவளுடைய வாழ்க்கையே..." (போதும். கதவைத் தள்ளினால் கதவுதான் திறக்கும்.)

"போர் என்பது மனிதகுலத்தின்..." (யாருக்கு வேண்டும்?)

"என் அக்காவுக்கு ஐம்பத்தோரு வயதில் கல்யாணம்." (இது நிஜம். இருக்கட்டும்.)

2

என் அக்காவுக்கு ஐம்பத்தோரு வயதில் கல்யாணம். இரண்டாவது. அவள் பல் கட்டும் லேபில் வேலை பார்க்கிறாள். வழியில் யாராவது நன்றாகச் சிரித்தால், "அது என்னோடதுடி" என்று என் காதில் சொல்வாள். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். தேதி குறிப்பதற்கு முன்பே நான் அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். எனக்கு எப்போதுமே அவசரம் அதிகம்.

இருவரும் சந்தித்தது சைக்கிள் கடை ஒன்றின் மாடியில், ஞாயிறுதோறும் கூடும் விளையாட்டுக் குழுவில். முதல் ஆட்டத்திலேயே தகராறு. அக்காவின் வில்லாளி ஒருவனால் மாமாவின் தளபதியைப் பார்த்துக் குறிவைக்க முடியுமா முடியாதா? மாமா மேசையில் கன்னத்தை வைத்துச் சாய்ந்து, லிஃப்ட் குழிக்குள் அடிக்கிற டார்ச்சை அடித்துப் பார்த்தாராம்.

"முடியாதுங்க. நடுவுல மரம் இருக்கு."

"இலையே இல்லாத மரம்ங்க அது!"

"கிளை இருக்குல்ல?"

அரை மணி நேரம் இதே பேச்சு. அன்றைக்கு அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்: "ஒருத்தர் என்கூடச் சண்டை போட்டாருடி. முகத்துக்கு நேரா! எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா?"

இதன் அருமை உங்களுக்குப் புரிய வேண்டுமானால் அவளுடைய முதல் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த மனிதர் அடித்தவரில்லை, திட்டியவரில்லை. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். ஜன்னல் திரை என்ன நிறம்? உன் இஷ்டம். அக்கா நீலம் வாங்குவாள். அப்புறம் ஆறு வருஷம், அந்தத் திரையைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு. பதினோரு வருஷத்தில் ஒரு வீடே பெருமூச்சாகிவிட்டது. ஒருநாள் அக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "சண்டை போட்டுட்டு வந்தியா?" என்று கேட்டேன். "சண்டை போட ஆளே இல்லைடி" என்று சொல்லி அழுதாள். நானும் அழுதேன். (இந்தப் பத்தியை வெட்டிவிடலாமா என்று நாலு நாள் யோசித்தேன். சந்தோஷமான கதைதான், பயப்படாதீர்கள். ஆனால் இது இல்லாமல் மற்றது விளங்காது.)

3

இப்போது விரிப்புக்கு வருவோம். பெரும்பாலான விஷயங்களில் இருவரும் ஒரே கட்சி. வினைல் வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் பளபளக்கும், ஓரம் சுருளும். வெறும் துணி வேண்டவே வேண்டாம், ஒரு மடிப்பு விழுந்தால் பாதிப் படை தானாகவே செத்துவிழும். அடியில் ரப்பர் ஒட்டியதுதான் சரி, பகடை உருட்டினால் சத்தம் வராது, மேசையிலிருந்து நழுவாது. அளவு ஆறுக்கு நாலு. இதுவரை சுபம்.

பிரச்சினை, விரிப்பில் என்ன படம் என்பதில். ஒவ்வொரு வீரனின் காலுக்கு அடியிலும், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு வட்டத் தட்டு இருக்கும். இவர்கள் அதை 'பேஸ்' என்கிறார்கள். அவன் எந்த நிலத்தில் நிற்கிறானோ அந்த நிலத்தை அந்தத் தட்டில் ஒட்டி, வண்ணம் பூச வேண்டும். அக்காவின் படை பனிநாட்டுப் படை. பல் அச்செடுக்கிற பிளாஸ்டர் தூளைப் பசையில் குழைத்து, நூற்றுப்பத்து வீரர்களின் காலடியிலும் பனி வைத்திருக்கிறாள். மாமாவின் படை பாலைவனத்துப் படை. லிஃப்ட் பொருத்தப் போகிற புதுக் கட்டடங்களிலிருந்து மணல் அள்ளிவந்து, டீ வடிகட்டியில் சலித்து ஒட்டியிருக்கிறார். பனி விரிப்பு போட்டால் அவர் ஆட்கள் ஆளுக்கொரு மணல் உருண்டையைக் காலில் கட்டிக்கொண்டு அலைவார்கள். மணல் விரிப்பு போட்டால் இவள் ஆட்கள் சோப்பு நுரையில் நிற்பார்கள்.*

* 'ரெண்டு வாங்கினா என்ன?' என்று கேட்கிற வாசகருக்கு: நானும் கேட்டேன். "அப்போ ரெண்டு வீடும் வாங்கிக்கலாமே" என்றாள் அக்கா.

4

இங்கே எனக்கு மாமா மேல் சந்தேகம் வந்தது. மனிதராக அல்ல, பாத்திரமாக.

கல்யாணம் என்று பேச்சு வந்ததும் மனுஷர் மாறிப்போனார். ஒரு கிளைக்காக டார்ச் அடித்தவர், இப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எந்த வீடு? உங்களுக்குப் பிடிச்சது. எந்தப் பக்கம் கட்டில்? உங்களுக்கு எப்படி வசதியோ. விரிப்பு? "பனியே வாங்கிடலாங்க." இவ்வளவு நல்லவரை யார் நம்புவார்கள்? அதனால் நானே சில குறைகளை வைத்துப் பார்த்தேன்.

"அவருக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஒவ்வொரு மாதமும்..." (என்ன ரகசியம்? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.)

"அவர் குறட்டை..." (இது உண்மை. ஆனால் கதைக்கு உதவாது.)

நான் இப்படி முட்டிக்கொண்டிருக்க, அக்கா மூலையில் கிடந்த விஷயத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். "இன்னும் ஒரே ஒரு தடவை 'உங்களுக்குப் பிடிச்சது'ன்னு சொன்னார்னா, இந்தக் கல்யாணம் வேணாம்டி எனக்கு."

"விட்டுக்கொடுக்கறாருக்கா. நல்லதுதானே?"

"விழுங்கறாரு. விழுங்கினது ஒருநாள் வெளிய வரும். நான் பார்த்திருக்கேன்."

"அதை அவர்கிட்டயே சொல்லேன்."

"சொல்லிக் கேட்டு வாங்கற சண்டை ஒரு சண்டையா?"

5

சனிக்கிழமை காலை மூவரும் கடைக்குப் போனோம். நான் எதற்கு? கார் என்னுடையது. அக்கா மடியில் அவள் படைப்பெட்டி, பின்சீட்டில் மாமா மடியில் அவர் பெட்டி. உள்ளே பஞ்சு வைத்த பெட்டிகள். ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "மெதுவா, மெதுவா" என்றார்கள்.

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, நீள மேசையில் இரண்டு விரிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். ஒன்றில் பனி, நீல நிழலோடு, உறைந்த ஓடை ஒன்றோடு. மற்றதில் மணல், காற்று வரைந்த கோடுகளோடு. "ஆளுங்களை நிறுத்திப் பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றாள்.

அக்கா தன்னுடைய நாலு பேரைப் பனியில் நிறுத்தினாள். மாமா அவளைப் பார்த்துச் சிரித்தபடி, பரிசைப் பிரிக்கிற மாதிரி தன் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு வீரர்களை எடுத்து அவர்கள் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

பன்னிரண்டு பேர் காலடியிலும் பனி.

மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாகப் பனி ஒட்டியிருந்தார். "மிச்சத்தையும் மாத்திடுவேன். ஒரு ரெண்டு மாசம் ஆகும்" என்றார்.

அக்கா தன் நாலு பேரையும் எடுத்து உள்ளே வைத்தாள். பெட்டியை மூடினாள். என் பக்கம் திரும்பி, "பதிவு ஆபீஸ்ல தேதி கேட்டிருந்தோம்ல, அது இப்போ வேணாம்னு சொல்லிடு" என்றாள். அவள் குரல் சாதாரணமாக இருந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

6

(கதை இங்கே இரண்டு வாரம் நின்றது.

ஓர் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா? காதலுக்காகத் தன் வீரர்களின் மண்ணையே மாற்றிய மனிதன்! அக்கா கண்கலங்குகிறாள், கடைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், திரை விழுகிறது. அப்படியே எழுதியும் விட்டேன். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இதை அச்சுல போட்டே, நான் உன் அக்காவே இல்லை" என்றாள்.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.)

7

கடைக்காரம்மாவுக்கு எங்கள் வீட்டு விவகாரம் ஏதும் தெரியாது. பன்னிரண்டு பேரில் ஒருவனை எடுத்து, கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "பனி இவனுக்கு ரொம்ப எடுப்பா இருக்கே" என்றாள்.

மாமா அவனைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இல்லை" என்றார். "நல்லாவே இல்லை."

"ஏங்க, அழகாத்தானே..."

"அம்மா, இவன் ஒட்டகப் படைக்காரன். பாருங்க, தலையில முண்டாசு, கால்ல செருப்பு. செருப்பைப் போட்டுக்கிட்டு எவனாவது பனியில நிப்பானா? விரல் உறைஞ்சு செத்துருவான்! இவனுக்குச் சுரண்டும்போதே இவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். பன்னெண்டு பேர்கிட்டயும் கேட்டேன்."

அக்கா மெதுவாகத் திரும்பினாள். "அப்புறம் ஏன் சுரண்டினீங்க?"

"நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு."

"நான் கேட்டேனா?"

"கேக்கலை."

"உங்களுக்குப் பனி பிடிச்சிருக்கா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

மாமா மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். பிறகு, ஐயோ, சொல்லியே விட்டார்: "அதை முதல்ல பனின்னே சொல்ல முடியாதுங்க. பல்லு பவுடரு."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். (இந்த இடத்தில் இரண்டு விதமான மௌனம் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய். மௌனமே இல்லை, அக்கா உடனே பாய்ந்தாள்.)

"பல்லு பவுடரா? உங்க மணல்ல சிமெண்டுக் கட்டி இருக்கு! உங்க தளபதி கால்கிட்ட ஆணி ஒண்ணு கிடக்குது, பார்த்திருக்கீங்களா?"

"அது ஆணி இல்லை, ஈட்டி முனை!"

"லிஃப்ட் கதவு ஆணி!"

"இந்தப் பனி வெள்ளையில ஆறடி, நாலு மணி நேரம் பார்த்தா கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"மணல் நிறத்துல பகடையைப் போட்டா எங்க விழுந்துச்சுன்னு யார் தேடறது?"

"நீ வெள்ளைப் பகடை வச்சிருக்கியே, அது பனியில தெரியுமா?"

"நீ முதல்ல டேப்பை நேராப் பிடிக்கக் கத்துக்கோ!"

இருவரும் எப்போது 'நீ'க்கு இறங்கினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. கடைக்காரம்மா மிரண்டுபோய், சமாதானத் தூதராக ஒரு மூன்றாவது சுருளை எடுத்து வந்தாள். "இதுல ரெண்டு பக்கமும் படம். ஒரு பக்கம் பனி, திருப்பினா மணல். ரெண்டு பேருக்கும் ஆச்சு."

"வேணாம்!" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

"ஏங்க?"

"ஒருத்தர் எப்பவும் குப்புறப் படுத்திருக்கணும்ல?" என்றாள் அக்கா. மாமா வேகமாகத் தலையாட்டினார். அரை நொடி ஒத்துப்போனதற்கு ஈடுகட்டுவதுபோல் மறுபடி ஆரம்பித்தார்கள். கடைக்காரம்மா மூன்று டீ கொண்டுவந்து வைத்தாள். வந்த வாடிக்கையாளர் இருவர் கட்சி பிரிந்து நின்றார்கள். மாமா முட்டிபோட்டு, விரிப்பின் மட்டத்துக்குக் கண்ணை வைத்து, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். அக்கா மறுபக்கம் முட்டிபோட்டு அதை மறுத்துக்கொண்டிருந்தாள். என் அக்காவின் முகம் பளிச்சென்று சிவந்து, முடி கலைந்து, அப்படி ஓர் அழகு. பத்து வருஷமாக அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

வாதத்தின் நடுவில், என் பக்கம் திரும்பாமலேயே அவள் சொன்னாள்: "ஏய், அந்தப் பதிவு ஆபீஸுக்குப் போன் பண்ணு. வியாழக்கிழமை இடம் இருக்கான்னு கேளு." அதே மூச்சில் மாமாவிடம்: "நிழலைப் பத்திப் பேசாத. உன் ஒட்டகத்துக்கு நிழலே கிடையாது."

8

வியாழக்கிழமை இடம் இருந்தது. பதிவாளர், "இருவருக்கும் சம்மதம்தானே?" என்று வழக்கம்போலக் கேட்டார். "இந்த விஷயத்துல சம்மதம்" என்றார் மாமா. "மத்ததுல பேச்சுவார்த்தை நடக்குது" என்றாள் அக்கா. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, கடைக்குப் போய் ஒரு விரிப்பை வாங்கி வந்தார்கள். ஒன்றே ஒன்று.

எது?

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது, பனி. மாமாவின் படை பனியில் வழிதவறிய வீரர்களாக, வரலாற்றிலேயே மிகக் கோபமான படையாக ஆடி, முதல் ஆட்டத்தில் ஜெயிக்கிறது. இதைக் கேட்டு மாமா, "ஜெயிச்சது சரி, செருப்பு?" என்றார்.

இரண்டாவது, மணல். அக்காவின் வீரர்கள் உருகாத பனியைக் காலில் சுமந்துகொண்டு பாலைவனத்தைக் கடக்கிறார்கள். அக்கா சொன்னாள்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் ஜெயிச்ச மாதிரி இருக்கு."

மூன்றாவது, இரண்டுமில்லாத கருங்கல் தெரு. இரண்டு படையும் வெளியூர்க்காரர்கள். இதை இரண்டு பேருமே ஒரே நேரத்தில் போனில் திட்டினார்கள். எனக்குப் பிடித்தது இதுதான்.

நிஜத்தில் வாங்கியது எது என்று எனக்குத் தெரியும். அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஓர் ஆட்டம் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஒருவர் ஜெயித்தார், மற்றவர் பாவம் விட்டுக்கொடுத்தார் என்று நீங்கள் நினைப்பீர்கள். நடந்தது அதுவல்ல. கடைசிவரை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே விரிப்பைச் சுருட்டியபடியே உங்கள் மேசையில் வைக்கிறேன். பிரியுங்கள். உள்ளே எது இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். எழுதியவள் மனம் நோகுமே என்று என் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். நீங்கள் எதைச் சொன்னாலும், நான் மற்றதன் பக்கம்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், ம், ஆரம்பியுங்கள்.