அழுக்குப் பல் தேவை

என் தங்கை பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். பல்லில் படியும் அழுக்கைப் பிரஷ் எவ்வளவு எடுக்கிறது என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. அதற்கு ஒரு நாள் முழுக்கப் பல் துலக்காத ஆட்கள் வேண்டும். ஆட்கள் வந்தார்கள். ஆனால் டாக்டர் முன்னால் வாயைத் திறக்க வெட்கப்பட்டுப் பாதிப் பேர் வீட்டிலேயே திருட்டுத்தனமாகத் துலக்கிவிட்டு வந்தார்கள். சுத்தமான பல்லில் எந்தப் பிரஷ் என்னத்தைக் கிழிக்கும்? நாளை சாயங்காலத்துக்குள் இன்னும் ஓர் ஆளாவது ஒழுங்கான அழுக்கோடு வராவிட்டால் இந்த வருடம் பரீட்சை எழுத முடியாது என்று பேராசிரியர் கைவிரித்துவிட்டார்.

அவள் என்னையே பார்த்தாள்.

"அண்ணா, நீ பல்லு வெளக்குற லட்சணத்துக்கு உன்னை விட்டா எனக்கு ஆளே கிடையாது."

நான் ஒரு கையில் போனும் ஒரு கையில் பிரஷ்ஷுமாக வீட்டைச் சுற்றி வருபவன்தான். முன்பற்கள் பளபளக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் விசாரித்ததில்லை. அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கண்கலங்கி நிற்கிற தங்கையிடம் போய் ரோஷம் பார்ப்பதா? ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் வாயை இறுக மூடிக்கொண்டு என் போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மருந்துக் கடையில் ஒருத்தி வேலை செய்கிறாள். அவளைப் பார்ப்பதற்காகவே இல்லாத தலைவலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை வாங்கியிருக்கிறேன். "சில்லறை இருக்கா?" என்பதைத் தவிர அவளாக எதுவும் கேட்டதில்லை. அன்றைக்கென்று பார்த்து என் கடைக்கே வந்துவிட்டாள்.

"சார்ஜ் ஏற மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

"ம்."

"சரியாயிடுமா?"

"ம்ம்."

அவள் முகம் வாடிவிட்டது. "எங்க கடைக்கு வந்தா வாய் ஓயாம பேசுறீங்க. நான் இங்க வந்தா பேச மாட்டீங்களா? டீ குடிக்கப் போலாமான்னு கேக்கத்தான் வந்தேன். பிடிக்கலைன்னா விடுங்க."

அவள் கடையில் வாய் கொப்பளிக்கும் மருந்து வரிசை வரிசையாக இருக்கிறது. ஒரு மடக்குப் போதும், நானும் மனுஷனாகிவிடுவேன். ஆனால் தங்கையின் ஒரு வருடமும் அதோடு போய்விடும். மருந்துக் கடைக்காரி படி இறங்கப் போனாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கத்தினேன்.

"நான் இன்னும் பல்லு வெளக்கல!"

போனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்திருந்த ஒருவர் நைசாக விலகி நின்றார். மானம் கப்பலேறிய பிறகு மிச்சத்தை மறைத்து என்ன ஆகப்போகிறது? முழுக் கதையையும் சுவரிடமே சொன்னேன். பின்னால் அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"திரும்புங்க. ஈன்னு காட்டுங்க."

காட்டினேன். மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது போல உற்றுப் பார்த்தாள்.

"அருமையா இருக்கு. உங்க தங்கச்சி பாஸ்."

போனை வைத்துவிட்டுப் போய்விட்டாள். டீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் கல்லூரியில் என் பல்லில் ஏதோ மருந்தைத் தடவினார்கள். அழுக்கு இருக்கிற இடமெல்லாம் சிவந்தது. வாய் முழுக்கச் சிவப்பு. பேராசிரியரே எழுந்து வந்து பார்த்தார். "அண்ணா, நீ தெய்வம்!" என்று தங்கை குதித்தாள். பிறகு, தினமும் துலக்குவது போலவே துலக்கச் சொன்னாள். துலக்கினேன். மறுபடி மருந்து தடவிக் கண்ணாடியை நீட்டினாள். முன்பற்கள் மட்டும் வெளுத்திருந்தன. கடைவாய், உட்பக்கம், ஈறோரம் எல்லாம் அப்படியே சிவப்பு.

"வெளக்குனாலும் ஒண்ணுதான், வெளக்காட்டியும் ஒண்ணுதான் உனக்கு" என்றாள் பரம சந்தோஷமாக.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் இத்தனை மாதமும் இதே வாயை வைத்துக்கொண்டுதான் மருந்துக் கடைக்காரி முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலை என் போனைத் தள்ளி வைத்துவிட்டு, தங்கை சொல்லிக்கொடுத்தபடி ஈறோரம் சாய்த்து, ஒவ்வொரு பல்லாகத் துலக்கினேன். அவளுடைய போனைத் திருப்பிக் கொடுக்கும்போது எட்ட நின்றே, துலக்கினாலும் என் பல் அழுக்குதான் என்ற உண்மையைச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்போலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்தே. தெரிஞ்சுதானே டீக்குக் கூப்பிட்டேன்."