கிணற்றுத் தீர்ப்பும் ஒரு வேளைச் சோறும்

காசிராஜன் வக்கீல் காலையிலிருந்து புரட்டாத புத்தகம் இல்லை. சங்கரன்கோவில் முன்சீப் கோர்ட்டில் இருந்ததே ஒரு அலமாரிப் புத்தகம்தான். அதிலும் பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. மத்தியானம் கோர்ட் கூடியதும் அவனுடைய அக்கா ஆறுமுகத்தாய் கூண்டில் ஏறியாக வேண்டும். அதற்குள் நாற்பதாம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டத்தில் அவளுக்கு ஒரு வழி கிடைக்காவிட்டால், அந்த எழுபத்தெட்டாம் வருஷக் கோடையில் கரிவலம்வந்தநல்லூரில் அவள் போட்ட மிளகாய்க்குத் தண்ணீர் இல்லை.

'கோர்ட்டுக்குப் போகாதே, பொதுவான ஆளை வைத்துத் தீர்த்துக்கொள்' என்று புருஷனை இழந்த அக்காவுக்குப் புத்தி சொன்னதே அவன்தான். அவளும் கொழுந்தன் செல்லப்பாவும் சம்மதித்து எழுதிக் கொடுத்து, ஊர்ப் பெரியவர் தங்கப்பழம் அண்ணாச்சியை மத்தியஸ்தராக வைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றுத் தண்ணீர் ஆளுக்குப் பாதி என்று அவர் தீர்ப்பு எழுதினார். முழுக்கிணறும் வேண்டுமென்று அடம்பிடித்த செல்லப்பா, தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டுவிட்டான். காரணம்? கிணற்றைப் பார்க்க வந்த அண்ணாச்சி ஆறுமுகத்தாய் வீட்டில் சாப்பிட்டாராம். உச்சிவெயிலில் வாசலுக்கு வந்த மனுஷனைப் பட்டினியாக அனுப்பும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? சட்டம் எழுதியவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது!

கடைசியில் ஒரு பழைய தீர்ப்பு சிக்கியது. சாப்பிட்டது மட்டும் குற்றமாகாது. எதிராளி இல்லாத நேரத்தில் வழக்கைப் பற்றிப் பேசியிருந்தால்தான் மத்தியஸ்தர் தீர்ப்பு செல்லாது. காசிராஜனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புத்தகமும் கையுமாக, வேப்பமரத்தடியில் நின்ற அக்காவிடம் ஓடினான்.

"யக்கா, அண்ணாச்சி சாப்பிடும்போது கெணத்தப் பத்தி நீ ஒண்ணும் பேசலைல்லா?"

"பேசாம என்னல? முக்கால் பங்கு எனக்குத்தான்னு அண்ணாச்சி சொன்னாரு. வேண்டாம் அண்ணாச்சி, செல்லப்பா பிள்ளகுட்டிக்காரன், எனக்குப் பாதியே போதும்னு நான்தான் கையெடுத்துக் கும்பிட்டேன்."

காசிராஜன் புத்தகத்தை மூடினான். "யக்கா, அத மட்டும் கூண்டுல சொல்லிராத. உன் கால்ல விழுதேன்."

"நல்லதத்தான சொன்னேன்? அத எதுக்குல மறைக்கணும்?"

அதற்குள் டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டான்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார். தம்பியிடம் சொன்னதை ஆறுமுகத்தாய் கூண்டிலும் ஒரு சொல் குறையாமல் சொன்னாள். சொல்லும்போது கொழுந்தனைத்தான் பார்த்தாள். என்ன பேசினாள் என்பது யாருக்கு வேண்டும்? பேசினாள், அது போதும். "வேறு கேள்வி இல்லை" என்று அந்த வக்கீல் சிரித்தபடி உட்கார்ந்தார்.

காசிராஜன் செல்லப்பாவைப் பார்த்தான். மனுவை வாபஸ் வாங்குகிறேன் என்று அவன் வாயைத் திறந்தால் போதும். வெட்கத்தை விட்டு, எதிராளி என்பதையும் மறந்து, காசிராஜன் கண்ணாலேயே கெஞ்சினான். செல்லப்பா தலையைக் குனிந்துகொண்டான். அண்ணாச்சி தீர்ப்பு ரத்து என்று முன்சீப் எழுதி முடிக்கும் வரை நிமிரவே இல்லை.